தீப்பெட்டி ஆபீசுக்காகக் கொரிய பாஷை படித்தேன்

மொழிபெயர்க்கிற வேலையைப் போல நன்றி கெட்ட வேலை உலகத்தில் வேறு கிடையாது. மாட்டுத் தரகருக்காவது ரெண்டு பக்கமும் கமிஷன் உண்டு. நமக்கு ரெண்டு பக்கமும் சந்தேகம் மட்டும்தான். அதிலும் நாற்பது வயதை நெருங்கும்போது வீடு, வேலை, முட்டுவலி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி ஒரு புதுப் பாஷை படிக்கக் கிளம்பிய பாவிகள் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. இந்தியைப் பாதியில் விட்டவர்கள், கம்ப்யூட்டர் கிளாசுக்கு மூன்று நாள் போய் நின்றவர்கள் எல்லாரும் வரலாம். என் கதை கோவில்பட்டியில், ரீசார்ஜ் கார்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. நான் படித்தது கொரிய பாஷை. ஏன் என்று மட்டும் கேட்காதீங்க. ஊரே கேட்டு முடித்துவிட்டது.

தெலுங்கு தெரிந்த பாவம்

நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைம் ஆபீஸ் கிளார்க். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே பெட்டியில் குச்சி அடைக்கிற ஹாலில் பொம்பளையாட்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் வரிசையில் ரெங்கம்மா. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு மதினி. நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக் காடு கைவிட்டதும் டவுனுக்கு வந்தவள். புருஷன் போன பிறகு, பெட்டி அடைத்தே ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அண்ணாச்சியை, அதாவது எங்கள் முதலாளியை, வைய வேண்டும் என்று தோன்றினால் நானும் மதினியும் அவர் எதிரிலேயே தெலுங்கில் வைதுகொள்வோம். மனுஷன் சிரித்துக்கொண்டே போவார்.

ஒருநாள் கூப்பிட்டுவிட்டார். கொரியாவில் மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆலையிலிருந்து பெட்டி அடைக்கிற மெஷினை வாங்கப் போகிறாராம். அங்கிருந்து ஒரு இஞ்சினியர் வந்து மாட்டிக் கொடுப்பாராம். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களும் மெட்ராஸ் ஏஜெண்டும் இவரை வைத்துக்கொண்டே கொரிய பாஷையில் பேசிச் சிரித்தார்களாம். அது அண்ணாச்சிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்லாக் கறக்குற மாட்ட எவனாவது விப்பானா? என்னமோ இருக்கு. நீ அந்தப் பாஷையப் படி. அவனுக என்ன பேசுதானுகன்னு பக்கத்துல நின்னு கேட்டு எனக்குச் சொல்லு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எப்படி அண்ணாச்சி, படித்த பையன் யாரையாவது பார்க்கலாமே என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நீயும் ஒம் மதினியும் இத்தன வருசமா என் மூஞ்சிக்கு நேரயே தெலுங்குல என்னைய வைஞ்சது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? முன்னால நின்னு வையத் தெரிஞ்சவளுக்குத்தாம்மா முன்னால நின்னு கேக்கவும் தெரியும்."

குழாயடியில் மறித்தார்கள்

அண்ணாச்சி அறையிலிருந்து ஹாலுக்கு நான் நடந்து வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் மதினியும் நாலைந்து பேரும் மறித்துக்கொண்டார்கள். மெஷின் வந்தால் ஹாலில் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது, அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார்கள். சத்தியமாகத் தெரியாது என்றேன். சத்தியம் பண்ணினால் இன்னும் சந்தேகம் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். அண்ணாச்சி தனக்காகக் கேட்கச் சொல்கிறார். நான் மதினிக்காகவும் கேட்பேன். இந்த மெஷின் இவர்களை வீட்டுக்கு அனுப்புமா அனுப்பாதா என்று அந்த இஞ்சினியர் வாயாலேயே தெரிந்துகொண்டுவிடுவேன். இதை மதினியிடம் சொல்லியும் பார்த்தேன். அவள் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ எந்தப் பாஷைய வேணும்னாலும் படி. எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுத பாஷையா மட்டும் இருந்துரக் கூடாது."

கழுகுமலை வாத்தியார்

கோவில்பட்டியில் கொரிய பாஷைக்கு வாத்தியாரை எங்கே போய்த் தேடுவது? விசாரித்ததில் கழுகுமலையில் முருகேசன் என்று ஒருவர் சிக்கினார். கொரியாவில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்து, விசாச் சீட்டு இல்லாமல் தங்கியதில் பிடிபட்டு, விமானம் ஏற்றி அனுப்பப்பட்டவர். இப்போது செல்போன் கடை வைத்திருந்தார். நான் போய்க் கொரிய பாஷை என்றதும் அவர் முகம் இருண்டுவிட்டது. "யாரு அனுப்புனா ஒங்கள?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. அவர் நம்பி எழுத்து எழுதிக் காட்டுவதற்கே ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற மனுஷன், பெண்டாட்டி தனியாகப் போய் ஒரு செல்போன் கடைக்காரனிடம் என்ன பாஷை படிக்கிறாள் என்று பார்க்கக் கூடவே பஸ் ஏறி வந்து, கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. வட்டமும் கோடுமாகக் கோலம் மாதிரி இருந்தது. பேச்சுதான் ஒரு மாதிரியாக இருந்தது. இங்க வா, அங்க போ, தூக்கு, இறக்கு, சீக்கிரம் சீக்கிரம், ஏன் செய்யல, கண்ணு தெரியல? முருகேசன் சொல்லித் தந்த எல்லாமே இந்த ரகம். நன்றி என்பதற்கு என்ன சொல் என்று கேட்டேன். மனுஷன் தலையைச் சொறிந்தார். இருக்கு அக்கா, ஆனால் அது நமக்குப் புழக்கத்தில் இல்லை என்றார். அவர் சொன்னதை நானும் கடை அதிர அதிரச் சொல்லிப் பழகினேன். திரும்பும்போது பஸ்சில் என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"இந்த மாதிரி அதட்டுத பாஷையப் படிக்கதுக்கு எதுக்குட்டி பஸ்சுக்குக் காசு? வீட்டுல நீ அதத்தான பேசிக்கிட்டு இருக்க?"

அப்பா என்றால் அப்பாவாம்

ரெண்டு மாதம் போனதும் அண்ணாச்சி பரீட்சை வைத்தார். முருகேசனுக்கு அவர் சம்பளம் கொடுக்கிறார், கேட்கத்தானே செய்வார். கணக்குப்பிள்ளையையும் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டார். "எங்க, அப்பாவுக்கு என்ன சொல்லுவான்?" அப்பா என்றேன். அண்ணாச்சி புருவம் மேலே போனது. "அம்மாவுக்கு?" ஒம்மா என்றேன். "வா-ங்கதுக்கு?" வா என்றேன். "நானுக்கு?" நா என்றேன். அதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. அத்தனையும் நிஜம். ஆனால் சொல்லச் சொல்ல நான் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆகிக்கொண்டிருந்தேன்.

அப்படி இல்லாத வார்த்தையும் நிறைய இருக்கிறது அண்ணாச்சி என்று தண்ணீர், சோறு, நெருப்பு எல்லாவற்றுக்கும் கொரியச் சொல்லை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டால்தானே? கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரியே சொன்னார்:

"பாத்தீரா வே? வாரா வாரம் கழுகுமலைக்குப் பஸ் ஏறிப் போயி இவ தமிழ் படிச்சிட்டு வந்திருக்கா."

வாலே, உட்காரு

பங்குனி வெயிலில் மெஷினும் வந்தது, இஞ்சினியரும் வந்தார். பார்க் என்று பெயர். ஆபீசில் பாக்கு சார் ஆகிவிட்டார். அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னத் தோல்பை. அண்ணாச்சி மாலையோடு நின்றார், ஏஜெண்ட் இளித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி என்னைக் கண்ணால் தள்ளினார். இத்தனை மாதம் படித்த படிப்பைக் காட்ட இதைவிட நல்ல நேரம் உண்டா? நான் முன்னால் போய், முருகேசன் சொல்லித் தந்த மாதிரியே, கணீரென்று வரவேற்று நாற்காலியைக் காட்டினேன். பாக்கு சார் அப்படியே நின்றுவிட்டார். ஏஜெண்டின் இளிப்பு உதட்டிலேயே காய்ந்து போனது.

பெரியவர் கோபப்படவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிகிற மாதிரி கேட்டார்: யார் சொல்லிக் கொடுத்தது? கொரியாவில் பட்டறையில் வேலை பார்த்த எங்க ஊர்க்காரர் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பாஷையிலும் பெரியவர்களுக்கு ஒரு பேச்சு, எடுபிடிக்கு ஒரு பேச்சு உண்டு. முருகேசன் காதில் விழுந்ததெல்லாம் ரெண்டாவது பேச்சு மட்டும்தான். பாவம், அதைத்தானே அவர் எனக்குத் தர முடியும்? எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஏஜெண்ட் அண்ணாச்சி காதில், அந்தம்மா எங்க பெரியவரை 'ஏலே, இங்கன வா, உக்காருலே'ன்னு சொல்லிட்டாங்க சார் என்று கோள் மூட்டினார். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாத்தான சொல்லியிருக்கா? மெஷினுக்குக் காசு குடுத்தவன் நான்லா?"

வயசைக் கேட்டவர்

மறுநாளிலிருந்து பாக்கு சார் எனக்கு நல்ல பேச்சு சொல்லித் தர ஆரம்பித்தார். எனக்கும் அவர் பேசுவது பாதி வார்த்தையிலும் மீதி கையசைவிலும் கொஞ்சம் இங்கிலீஷிலும் பிடிபட்டுக்கொண்டு வந்தது. அவருக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் வயசைக் கேட்பார். அவர்கள் ஊரில் எதிராளி வயசு தெரியாமல் வாயைத் திறக்கவே முடியாதாம். மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் எந்தப் பேச்சு பேசுவது என்று தெரியுமாம். ஹாலுக்குள் வந்து என்னைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்பளையாளாக வயசு கேட்டார். ஹால் முழுக்கக் குச்சி விழுந்தால் கேட்கிற அமைதி. வயசானவர்களைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறான் என்று நிமிஷத்தில் கண்ணால் பேசி முடித்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன? பேரன் எடுத்த சுப்பக்கா முப்பது என்றாள். மதினி இருபத்தெட்டு என்றாள். அவள் மூத்த மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலைகளைப் பார்த்துப் பார்த்து பாக்கு சார் குழம்பிப்போய், இந்த ஊர்த் தண்ணீரில் ஏதும் கோளாறா என்று என்னிடம் கேட்டார். சாயங்காலம் நான் மதினியிடம், ஐயோ மதினி, மரியாதை கொடுக்கத்தான் அந்தாள் வயசு கேட்டது, வேறு ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"மரியாதைக்கு வயசக் கேக்கானாம்ல, வயசு! நம்மூர்ல மரியாதை குடுக்கதுக்கு முன்னால வேற என்னத்தையோல்லட்டி கேப்பான்."

வெடிப்புக்குள் விழுந்த லைட்டர்

பாக்கு சார் சிகரெட் பிடிப்பவர். அதற்கு லைட்டர் வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் லைட்டரோடு ஒரு ஆள் வந்து நின்றால் வாட்ச்மேன் எப்படிப் பார்ப்பார்? பாம்பைப் பார்த்த மாதிரி பார்த்தார். உள்ளே நெருப்பு கூடாது என்பதால் பெரியவர் ஷெட்டுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே இருந்த கரிசல் காட்டுக்குப் போய்ப் பிடிப்பார். சித்திரை மாசம். பருத்தி எடுத்துக் கிடந்த காடு வாய் பிளந்து வெடித்துக் கிடந்தது. ஒருநாள் லைட்டர் கைநழுவி வெடிப்புக்குள் போய்விட்டது. மனுஷன் வெயிலில் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். கை போய்க்கொண்டே இருந்தது, லைட்டர் கிடைக்கவில்லை. இதைப் பார்த்த வாட்ச்மேன், கொரியாக்காரன் காட்டை அளக்கிறான், நிலம் வாங்கப் போகிறான் என்று பரப்பிவிட, சாயங்காலத்துக்குள் நிலத் தரகர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார்.

நான் ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டேன். சட்டையெல்லாம் கருப்பு. அவர் லைட்டரை மறந்துவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மண் எல்லா இடத்திலும் இப்படியா, ஷெட்டுக்கு அடியிலும் இதேதானா என்று கேட்டார். ஆமா, கோடையில் பிளக்கும், மழை பெய்தால் ஊதி மூடிக்கொள்ளும், எங்க ஊரில் விரிசல் விடாத சுவர் கிடையாது என்றேன். அவர் ஷெட்டின் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கள் தீப்பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கி, ஒரு குச்சி உரசி, சிகரெட்டைப் பற்ற வைக்காமல் அது எரிந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மெஷினில் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தவராம் அவர். அன்றைக்கு அவர் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"எங்க ஊர்ல மெஷின் வந்துச்சு, பொம்பளையாள்க போயிட்டாவ. லைட்டர் வந்துச்சு, மெஷின் போயிருச்சு. இப்ப மெஷினுக்குப் பின்னாலயே நானும் வந்திருக்கேன்."

ஷட்டருக்கு அந்தப் பக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் வாத்தியாரைப் பார்க்க வேண்டும் என்றார் பாக்கு சார். நான், அவர், காவலுக்கு என் வீட்டுக்காரர், மூன்று பேரும் கழுகுமலைக்குப் பஸ் ஏறினோம். முன்கூட்டிப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. முருகேசன் தூரத்திலேயே கொரிய முகத்தைப் பார்த்துவிட்டார். சடாரென்று ஷட்டர் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது: "அக்கா, நல்லா இருப்பீயளா நீங்க? பிடிச்சான், அடைச்சான், ஏத்தி அனுப்பிட்டான். ஊருக்கே வந்து தேடுததுக்கு நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" தேரடிக்குப் போன சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

பாக்கு சார் வெயிலில் ஷட்டருக்கு முன்னால் நின்றார். இடுப்பை வளைத்து, அந்தத் தகரத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு, எனக்குச் சொல்லித் தந்தாரே அந்தப் பெரிய பேச்சில், ஐயா கடையில் இருக்கிறீர்களா, நாங்கள் உள்ளே வரலாமா, எங்கள் ஊரில் நீங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டீர்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. முருகேசன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார். பாக்கு சார் அந்தக் கலர் பாட்டிலையும் ரெண்டு கையால்தான் வாங்கினார். கிளம்பும்போது முருகேசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அக்கா, அத்தன வருசம் அந்த ஊர்ல கெடந்தேன். என்னைய 'வாங்க, போங்க'ன்னு சொன்ன ஒரே கொரியாக்காரன கழுகுமலைலதான் பாத்திருக்கேன்."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்

மெஷினுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். முழங்கால் ஆழம். குழிக்கரையில் பாக்கு சாருக்கும் ஏஜெண்டுக்கும் வாக்குவாதம். நான் பக்கத்தில் டம்ளர் கழுவுகிற மாதிரி நின்றேன். அண்ணாச்சி சம்பளம் கொடுத்தது இந்த நிமிஷத்துக்குத்தானே! மண் சரியில்லை, அடியில் சரளை தட்டுகிற வரைக்கும் தோண்டிக் காங்கிரீட் போட வேண்டும், இல்லாவிட்டால் மழையில் மெஷின் சாயும் என்றார் பெரியவர். ஏஜெண்ட், அதைச் சொன்னால் செலவுக்குப் பயந்து இவர் மெஷினே வேண்டாம் என்பார், பேசாமல் மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவோம் என்றார். நான் சொல்லத்தான் செய்வேன் என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் டம்ளரோடு நின்றது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அப்போதுதான் நான் என் கேள்வியைக் கேட்டேன். ஆழமாகத் தோண்டி, மெஷின் நன்றாக ஓடினால், ஹாலில் எத்தனை பேர் வேண்டும்? அவர் ஹால் பக்கம் பார்த்தார். முதல் வரிசை மட்டும் போதும், அதிலும் சின்ன வயசுக்காரர்கள் என்றார். மதினி முதல் வரிசைதான், ஆனால் அவள் சொன்ன இருபத்தெட்டை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? இப்போது சொல்லுங்க, சக பாவிகளே. பெரியவர் சொன்னதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னால் மெஷின் ஓடும், மதினி வீட்டில் அடுப்பு எரியாது. மாற்றிச் சொன்னால் மெஷின் சாயும். ஆனால் வெயிலில் தகரத்துக்குக் கும்பிடு போட்ட அந்த மனுஷன் பொய்யராகிவிடுவார். ராத்திரி சோறு இறங்கவில்லை. காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். ஏஜெண்ட் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அண்ணாச்சி என்னையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஏஜெண்டு வேண்டாங்க மாதிரி வேண்டாம்பான், இஞ்சினியரு வேணுங்க மாதிரி வேணும்பான், நடுவுல நீ அழுவ. எங்கயோ காங்கிரீட்டுல கமிஷன் பேசியாச்சு. மூணு தலமொறையா இந்த மண்ணத் தின்னு வளந்தவனுக்கு, நேத்து வந்த கொரியாக்காரன் மண்ணப் பத்திப் பாடம் எடுக்கானா?"

ஐப்பசி அடைமழை

முழங்கால் ஆழத்திலேயே காங்கிரீட் போட்டு மெஷினை ஏற்றினார்கள். நான் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னது தெரிந்து மதினி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அழுகையாக வரும். ஆவணியில் ஹாலில் பின் வரிசைகளை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தீபாவளி போகட்டும் என்றார் அண்ணாச்சி. மெஷின் கோடை முழுக்கக் கடகடவென்று ஓடியது. பாக்கு சார் ஊருக்குக் கிளம்பும்போது மெஷினைத் தடவிக் கொடுத்துவிட்டு, என்னிடம், மழை வந்தால் போன் செய் என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அப்படி ஒரு அடைமழை பெய்து ரொம்ப நாள் ஆயிற்று. கரிசல் குடிக்கக் குடிக்க ஊதியது. முதலில் ஷெட் தரை ஓரமாக மேலே எழும்பியது. அப்புறம் மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குச்சியைக் கடித்துத் துப்ப ஆரம்பித்தது. பாதிப் பெட்டி காலி, பாதிப் பெட்டி பிதுங்கல். முட்டுக் கொடுத்தார்கள், ஆப்பு அடித்தார்கள், பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் கூட நறுக்கினார்கள். மெஷின் நிமிரவே இல்லை. ஏஜெண்டின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. பாக்கு சாருக்கு நான் போன் போட்டேன். அவர், அந்த அக்காமார் எல்லாரும் வேலையில் இருக்கிறார்களா என்றுதான் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். கடைசியில் மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மதினியின் பிள்ளைகள் ரெண்டும் படித்து வேலைக்குப் போகிற வரைக்கும் அந்த ஹாலில் கையால்தான் பெட்டி அடைத்தார்கள். தார்ப்பாய்க்கு மேலே தூக்குவாளிகள் வரிசையாக இருக்கும்.

மெஷினை மூடின அன்றைக்கு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "நெசத்தத்தான் சொன்ன. இல்லைங்கல. ஆனா நான் நம்பாத மாதிரில்லா சொல்லியிருக்க?" என்றார். இல்லை அண்ணாச்சி, உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். போ, போ என்றார். வெளியே வந்தால் மதினி நிற்கிறாள். கையில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். அத்தனை மாதம் கழித்து என் கன்னத்தைத் தொட்டாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மதினி, நான் ஒன்றும் செய்யவில்லை, நான் உண்மையைத்தான் சொன்னேன், அவர்தான் நம்பவில்லை என்றேன். அவள் ஒரு மிட்டாயை உடைத்து என் வாயில் திணித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தெலுங்கை விட்டுத் தமிழிலேயே, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏட்டி, எங்கிட்டயுமா மறைக்க? உண்மைய எப்படிச் சொன்னா அவன் நம்ப மாட்டானோ அப்படிச் சொன்னேல்லா, அதுக்குப் பேர்தான் படிப்பு!"

ஆக, நான் முட்டுவலியோடு பஸ் ஏறிப் படித்த கொரிய பாஷையில் கேட்டுச் சொன்னதை ஒரு சந்தேகமும் இல்லாமல் அப்படியே நம்பியது, கோவில்பட்டியிலேயே அந்தக் கரிசல் மண் ஒன்றுதான்.